குடம் ஒன்றா, இரண்டா: கிட்டார் ப்ராசஸருக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர்களுக்கு

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போன் பண்ணினான். மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசிக்கிறவன். "அண்ணே, ப்ராசஸர் வாங்கிட்டேன். வீட்ல ஹெட்போன்ல கேட்டா அப்படியே ரெக்கார்டு கேக்குற மாதிரி இருக்கு. கச்சேரில ஆம்ப்ல மாட்டுனா தகர டப்பாவுக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்குண்ணே. மெஷின்ல ஏதும் கோளாறா?"

ப்ராசஸர் என்பது பல கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் (ஆம்ப்) ஒலியைத் தனக்குள் அடக்கிய சின்னக் கருவி. மெஷினில் கோளாறு இல்லை. அவன் மாட்டிய ஆம்ப்பும் நல்ல ஆம்ப்தான். இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் பிழை. இதே கேள்வியைக் கும்பகோணத்தில் கேட்டிருக்கிறேன், திருவாரூரில் கேட்டிருக்கிறேன், வேளாங்கண்ணிப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற பிள்ளைகள் வாயிலும் கேட்டிருக்கிறேன். கையிலிருந்த சேமிப்பெல்லாம் ப்ராசஸருக்குப் போய்விடுகிறது. அதை எதில் மாட்டிக் கேட்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் அடியிலிருந்தே சொல்கிறேன்.

தஞ்சாவூரில் வீணை செய்கிற பட்டறைக்குள் ஒரு தடவை போயிருந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பலாமரத்தைக் குடைந்து குடம் எடுக்கிறார்கள். கம்பியை வெறும் பலகையில் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. குடம்தான் அதற்கு உடம்பு கொடுக்கிறது, குணமும் கொடுக்கிறது. ஒரே கம்பி, ஒரே கை. குடம் மாறினால் நாதம் மாறும். எலக்ட்ரிக் கிட்டாரில் அந்தக் குடம் கிட்டாரில் இல்லை. கம்பியின் அதிர்வை பிக்கப் ஒரு சின்ன மின் அலையாக மாற்றி அனுப்புகிறது. அதற்கு உடம்பு கிடைப்பது ஆம்ப்பிலும், அதைவிட முக்கியமாக ஆம்ப்பின் ஸ்பீக்கரிலும்தான்.

கிட்டார் ஸ்பீக்கர் என்பது நாம் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் போன்றது அல்ல. பெரும்பாலும் 12 அங்குலக் காகிதக் கூம்பு ஒன்றுதான்; உச்ச ஒலிக்கென்று வைக்கிற ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் கிடையாது. 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இன்னொரு மேடு, 5,000-ஐத் தாண்டினால் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி சரிவு. குறை என்று சொல்லத்தக்க இந்த வளைவுதான் கிட்டாரின் குரல். ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் போட்டால் மேல்பக்கத்தில் ஏராளமான இரைச்சல் கிளம்பும். அந்தச் சரிவு அதை வெட்டி எறிகிறது. வெட்டாமல் நேராகக் கேட்டால் சீசாவுக்குள் அடைத்த குளவிதான். செலஸ்டியன் நிறுவனத்தின் 25 வாட் கிரீன்பேக், 1980-களில் வந்த 60 வாட் விண்டேஜ் 30, அமெரிக்கப் பக்கம் ஜென்சன் என்று பெயர் சொல்லிக் கேட்கிறோமே, அவை ஒவ்வொன்றும் ஒரு குடம். அவற்றின் பெயர் நிலைத்தது உள்ளதை உள்ளபடி ஒலிப்பதால் அல்ல, தனக்கென்று ஒரு நிறம் வைத்திருப்பதால்.

இனி ப்ராசஸர். 1998-இல் லைன் 6 நிறுவனம் பாட் என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தது. சிவப்பு நிறம், அவரைக்கொட்டை வடிவம். பல ஆம்ப்களின் ஒலியை ஒரு கையடக்கப் பெட்டிக்குள் அடக்கிய அந்த யோசனைதான் 2006-இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸாகவும், அதன் பிறகு கெம்பராகவும், 2015-இல் ஹீலிக்ஸாகவும், பின்னர் குவாட் கார்டெக்ஸாகவும் வளர்ந்தது. நம் பக்கம் குழுக்களில் அதிகம் பார்ப்பது ஜூம், நக்ஸ், வேலிடன் மாதிரி கைக்கு எட்டுகிற கருவிகள். விலை எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஆம்ப்பின் நடத்தையைக் கணக்காகப் போடுகிறது. அதற்குப் பிறகு ஒரு கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி), அந்தக் கேபினெட்டுக்கு முன்னால் வைத்த ஒரு மைக்கையும் சேர்த்துக் கணக்காகப் போடுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் கேப் சிம். அதில் ஏற்றுகிற கோப்புக்குப் பெயர் ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்).

ஐஆர் எடுப்பது எப்படி என்று தெரிந்தால் பல குழப்பம் தீரும். ஒரு கேபினெட்டின் முன்னால் மைக்கை வைக்கிறார்கள். ஷூர் எஸ்எம் 57 போன்ற ஒரு மைக், ஸ்பீக்கர் துணியிலிருந்து ஓரிரு அங்குலத்தில். கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை வழுக்கிக்கொண்டு போகும் ஓர் ஒலியை அந்தக் கேபினெட்டில் ஓட்டி, மைக் கேட்டதைப் பதிவு செய்கிறார்கள். அதிலிருந்து கணக்கிட்டு எடுப்பது ஒரு சின்னத் துணுக்கு. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 2,048 மாதிரிகள் இருந்தால், மொத்த நீளம் 43 மில்லிநொடி. ஒரு சொடக்குப் போடுகிற நேரம்கூட இல்லாத அந்தத் துணுக்கில் கேபினெட்டின் மேடு பள்ளம் அத்தனையும் இருக்கிறது. மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் ஓரத்துக்கு நகர்த்தி எடுத்தால் ஒலி மங்கலாகிவிடும். ஒரே கேபினெட்டுக்குப் பத்து ஐஆர் கொடுத்திருப்பது இதனால்தான்.

இப்போது மன்னார்குடித் தம்பியின் தகர டப்பாவுக்கு வருவோம். அவன் ப்ராசஸரிலிருந்து வெளியே வருகிற ஒலிக்குள் ஏற்கெனவே ஒரு குடம் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் கிட்டார் ஆம்ப்பில் மாட்டும்போது, அந்த ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் என்ற இரண்டாவது குடத்துக்குள் அது நுழைகிறது. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேடு இருமடங்கு ஆகிறது. மேல்பக்கச் சரிவு இரண்டு தடவை வெட்டுகிறது. மூக்கால் பேசுகிற, போர்வைக்குள்ளிருந்து வருகிற அந்த ஒலி அப்படித்தான் பிறக்கிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: கேப் சிம்மை அணைத்துவிட்டு மைக் செட்டுக்கு லைன் கொடுத்தால் அங்கே குடமே இல்லை. குளவி கத்தும்.

ஆக, பாதையில் ஒரே ஒரு குடம்தான் இருக்க வேண்டும். எது குடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் எது என்பது அதிலிருந்து தானாக வரும்.

ஸ்பீக்கரே குடமாக இருக்கட்டும் என்றால், ப்ராசஸரில் கேப் சிம்மை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரை ஓட்டுகிற ஒரு பவர் ஆம்ப் வழியாக உண்மையான கிட்டார் கேபினெட்டுக்குப் போகலாம். கையில் ஏற்கெனவே கிட்டார் ஆம்ப் இருந்தால், முன்பக்க இன்புட்டில் மாட்டாமல் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் என்று இருக்கும் ஜாக்கில் மாட்டுங்கள். அதன் பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். இந்த வழியில் கிடைக்கிற இன்பம் தனி. காற்று தள்ளுவது கால்சட்டையில் தெரியும். கம்பியை அழுத்திப் பிடித்தால் ஃபீட்பேக் இனிமையாக ஏறும். ஆனால் எந்த ஆம்ப் மாடலைத் திருப்பினாலும் அதே ஒரு குடத்தின் குரல்தான். போதாததற்கு, மைக் செட்டுக்குத் தனியாக ஒரு லைன் கொடுக்க வேண்டும், அந்த லைனில் மட்டும் கேப் சிம் இருக்க வேண்டும். இரண்டு அவுட்டுக்கும் தனித்தனிப் பாதை போடுகிற வசதி விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இல்லை.

இன்னொரு வழி, ப்ராசஸரே குடமாக இருந்து, ஸ்பீக்கர் தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் இருப்பது. இதற்குத்தான் ஃபுல் ரேஞ்ச் ஃபிளாட் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக எஃப்ஆர்எஃப்ஆர் என்று சொல்கிறார்கள். ஏதோ புதுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ் பிஏ ஸ்பீக்கரும் இந்த வகைதான்: யமஹா டிஎக்ஸ்ஆர், க்யூஎஸ்சி கே வரிசை, எலெக்ட்ரோ-வாய்ஸ் இசட்எல்எக்ஸ் போன்றவை. கீபோர்டு வாசிப்பவர் பக்கத்தில் மானிட்டராக வைத்திருப்பாரே, அதுவே. கிட்டார்க்காரர்களுக்கென்றே செய்தவையும் உண்டு. லைன் 6 பவர்கேப் 2018-இல் வந்தது. ஃபெண்டர் 2023-இல் கொண்டுவந்த எஃப்ஆர்-12 பார்ப்பதற்குப் பழைய ஃபெண்டர் ஆம்ப் மாதிரியே இருக்கும், உள்ளே 12 அங்குல ஸ்பீக்கரும் உச்ச ஒலிக்கான ஹார்னும். செலஸ்டியனின் எஃப்12-எக்ஸ்200 என்கிற 200 வாட் ஸ்பீக்கரை வாங்கி, சும்மா கிடக்கிற பழைய கிட்டார் கேபினெட்டில் பொருத்தியும் இதே வேலையை வாங்கலாம். அதில் ட்வீட்டர் கூம்பின் நடுவிலேயே இருக்கிறது.

டெல்டா பக்கம் வாசிக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன், தயங்காமல். காரணம் நம் மேடைகள். சனம் கேட்பது உங்கள் ஸ்பீக்கரை அல்ல, மைக் செட்டை. கோயில் திருவிழாவில் மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கி வைத்த பெட்டிகளில்தான் உங்கள் கிட்டார் போய்ச் சேர்கிறது. உங்கள் காலடியில் இருக்கிற பெட்டி உங்களுக்கும் பக்கத்தில் நிற்கிற பாடகருக்கும் மட்டும். அப்படியானால் சனத்துக்குப் போகிற அதே ஒலியை நீங்களும் கேட்டுக்கொண்டு வாசிப்பதுதான் பத்திரம். கிட்டார் கேபினெட்டில் இனிமையாகக் கேட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, வெளியே குளவி கத்தியதைக் கச்சேரி முடிந்து செல்போன் வீடியோவில் பார்த்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

இதில் ஒரு மனக்குறை எல்லோருக்கும் வரும். "ஆம்ப் பக்கத்தில் நின்ற மாதிரி இல்லையே, ரெக்கார்டு கேட்கிற மாதிரி இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். ஐஆர் என்பது அறையில் நிற்கிற உங்கள் காது கேட்டதல்ல. ஓர் அங்குலத் தூரத்தில் வைத்த மைக் கேட்டது. எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் மைக் கேட்ட ஒலியைத்தான் அது தரும். ராக் இசைக்குழுவில் வளர்ந்தவருக்கு இது இழப்பாகத் தெரியலாம். மெல்லிசைக்காரருக்கு நான் சொல்வது வேறு. நாம் வாசிப்பது சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டுகளின் கிட்டாரை நம் சனம் ரேடியோவிலும் கேசட்டிலும் டிவியிலும்தான் கேட்டிருக்கிறது, அதாவது ஸ்டூடியோவில் பதிவான ஒலியாக. அந்த ஒலியை மேடையில் கொடுப்பதுதான் நம் வேலை என்றால், "ரெக்கார்டு மாதிரி இருக்கிறது" என்பது நமக்குப் புகார் ஆகுமா?

சரி, எந்தப் பெட்டி? வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். 2,000 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரு கணநேர உச்சம். வீட்டில் ஃபேன் மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கில், 230 வோல்ட்டில் தொடர்ந்து எடுக்க முடிவதே 1,380 வாட்தான். மேலும் வாட் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 500 வாட் பெட்டிக்கும் 1,000 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பணத்தில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது. தொடர்ச்சியான வாட் எவ்வளவு, அதிகபட்ச ஒலி அழுத்தம் எத்தனை டெசிபல் என்று பாருங்கள்.

அளவு என்று வந்தால் 10 அங்குலமோ 12 அங்குலமோ போதும். கிட்டாரின் தடித்த கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இறங்க 15 அங்குலம் எதற்கு? எடையையும் யோசிக்க வேண்டும். 10, 12 அங்குல பிளாஸ்டிக் பெட்டி பெரும்பாலும் 12 முதல் 18 கிலோவுக்குள் அடங்கும்; டூ வீலரின் பின்னால் கட்டிக்கொண்டு வலங்கைமான் போய்விட்டு வந்துவிடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் நனைந்தாலும் துடைத்துவிடலாம். பலகைக் கேபினெட் நனைந்தால் உப்பிவிடும்.

பெட்டியின் பின்பக்கம் வோல்டேஜ் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் திருவையாறு பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. மேடையில் சீரியல் விளக்கு, வயலில் பம்ப் செட், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாவது பாட்டின் இடையிசையில் என் பெட்டி மூச்சை நிறுத்திவிட்டது. பத்து நொடி கழித்துத் தானாக வந்தது, மறுபடி நின்றது. மீதிக் கச்சேரியை மைக் செட்காரர் திருப்பிவைத்த ஒரு பெட்டியை நம்பி முடித்தேன். மறுநாள் பின்பக்கத்தைப் பார்த்தால் 220 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறது. ஊருக்குள் சாயங்காலம் 180-க்கு இறங்கினால் அது என்ன செய்யும்? 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கிற பெட்டி இந்த இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டரில் ஓடும் மேடைக்கும் அதுதான் நல்லது.

கடையில் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் கிட்டாரை எடுக்கவே மாட்டேன். நூறு தடவை கேட்ட ஒரு பாட்டைப் போனிலிருந்து போடுவேன், மனிதக் குரல் முன்னால் நிற்கிற பாட்டாக. குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தாலோ, 'ச' எழுத்துகள் காதைக் கீறினாலோ அந்தப் பெட்டி வேண்டாம். குரலைத் திரிப்பது கிட்டாரையும் திரிக்கும். பெட்டியில் வோக்கல், டிஜே, கான்டூர் என்று பொத்தான் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்து ஃபிளாட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும். பிறகு பெட்டிக்கு முன்னால் நின்று பாட்டு ஓடும்போதே மெதுவாக இடப்பக்கம், வலப்பக்கம் நடப்பேன். இரண்டு எட்டு நகர்ந்ததும் ஒலி மங்கிப் போனால், மேடையில் திரும்பி நின்றாலும் அப்படித்தான் மங்கும். அதற்கப்புறம்தான் ப்ராசஸர், கேப் சிம் போட்டு, முதலில் சுத்தமான ஒலியில் ஒரு கார்டு, அடுத்து டிஸ்டார்ஷன். கடைசியாக, கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று, ஒரு நிமிடம் மேடைச் சத்தத்துக்கு ஏற்றிக் கேட்பேன்.

அந்த ஒரு நிமிடம் ஏன் முக்கியம்? நம் காது சத்தத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிய விஷயம் இது. மெதுவாகக் கேட்கும்போது பேஸும் உச்ச ட்ரெபிளும் காதுக்குக் குறைவாகத் தெரியும். சத்தம் ஏற ஏற அவை மேலெழுந்து வரும். ராத்திரி வீட்டில் அம்மா தூங்கும்போது மெதுவாக வைத்து அமைத்த பேட்ச்சில் (ப்ராசஸரில் சேமித்து வைக்கிற ஒலி அமைப்பு) நாம் பேஸைக் கூட்டித்தான் வைத்திருப்போம். அதே பேட்ச் மேடையில் குமுறும், மேலே கீறும். பெட்டியைப் பழி சொல்லிப் பயனில்லை. பேட்ச்சை மேடைச் சத்தத்தில் ஒரு தடவையாவது அமைத்துப் பார்க்க வேண்டும். வயல்வெளி நம்மிடம் நிறைய இருக்கிறது. பம்ப் செட் ஷெட்டில் பிளக் இருந்தால் ஒரு மத்தியானம் போதும்.

பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் பாதி விஷயம். நம் ஊர் மேடை பெரும்பாலும் காலி டிரம்களின் மேல் போட்ட பலகை. அதன்மேல் பெட்டியை அப்படியே வைத்தால் தரை பேஸைக் கூட்டிக் கொடுக்கும், பலகையும் கூடச் சேர்ந்து அதிரும். ஒரு நாற்காலியின் மேல் ஏற்றிக் காதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். ப்ராசஸரின் கடைசியில் லோ கட் (அதற்குக் கீழே வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸ், ஹை கட் (அதற்கு மேலே வெட்டுவது) 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் குமுறலும் கீறலும் பெருமளவு அடங்கும். இந்த இரண்டு எண்ணைத் திருப்பாமல் பெட்டியை மாற்றக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மைக் செட்காரரிடம் லைன் கொடுக்கும்போது இரண்டு மூன்று சொல் பேசிவிட்டால் பெரிய உதவி. குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அவர் எல்லாச் சேனலிலும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கி வைத்திருப்பார். காது மிகவும் கூர்மையாக இருப்பதும் அந்த இடத்தில்தான், கிட்டார் கேபினெட்டின் மேடும் அங்கேதான். "அண்ணே, கிட்டார் சேனலை மட்டும் நேரா வச்சிடுங்க" என்று சொல்லுங்கள். அவுட்புட்டை, மைக்கைவிடப் பலமான லைன் லெவலில் வைத்துவிட்டு மைக் இன்புட்டில் மாட்டினால் ஒலி உடையும். எது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் மைக் செட் மோனோவில்தான் ஓடுகிறது. இடம் வலம் ஓடும் டிலே (எதிரொலி) பேட்ச் அங்கே பாதிதான் கேட்கும், ஆகவே மோனோவிலேயே அமைத்துக்கொள்வது நல்லது. ஹம் என்கிற முனகல் இரைச்சல் வந்தால், கருவியை மைக் செட்டோடு இணைக்கிற டிஐ பாக்ஸிலோ ப்ராசஸரிலோ உள்ள கிரவுண்டு லிஃப்ட் பொத்தானைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். ஈரத் தரையில் நின்று கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைக்கிற தொழில் நம்முடையது.

வீட்டில் மட்டும் வாசிக்கிறவருக்கு இவ்வளவு தேவையில்லை. 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஒரு ஜோடி, காது உயரத்தில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி. கேப் சிம் எப்போதும் ஆன். அவற்றை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி.

மன்னார்குடித் தம்பிக்குப் புதுப் பெட்டி எதுவும் வாங்கச் சொல்லவில்லை. அவன் குழுவின் கீபோர்டுக்காரரிடம் சும்மா கிடந்த 10 அங்குல ஆக்டிவ் பெட்டியை வாங்கி நாற்காலியில் வைக்கச் சொன்னேன். கிட்டார் ஆம்ப்பை வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னேன். போன வாரம் வடுவூர் பக்கம் ஒரு கச்சேரி. மறுநாள் காலையில் வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். தகர டப்பா போய்விட்டது. இடையிசையில் கிட்டார் நாதஸ்வர சாம்பிளுக்குக் கீழே அமுங்காமல் தனியாக நிற்கிறது. ரிவெர்ப் (அறையில் முழங்குகிற மாதிரியான எஃபெக்ட்) மட்டும் கூடுதல். வீட்டு அறையில் வைத்த அளவு அப்படியே இருக்கிறது. திறந்தவெளி மேடையில் மைக் செட்டின் எக்கோவும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பாதியாகக் குறைத்து அடுத்த கச்சேரியில் கேட்டுப் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.